ஜோனஸுக்குக் கழற்றாத தொப்பிகள்

நான் மாடு ஏலம் விடுகிறவன். இண்டியானாவில் எங்கள் வட்டாரச் சந்தையில் லின்ட்லி ஹார்க்கர் மைக்கைப் பிடித்தால் விற்க வந்தவனும் வாங்க வந்தவனும் மூச்சுவிட மறந்துபோவார்கள் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்வது பெரும்பாலும் நான்தான். தூக்கத்திலும் விலை கூவுகிறேன் என்று என் மனைவி லோரெட்டா பக்கத்து அறைக்குக் குடிபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்தது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில். எங்களுக்குப் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கூடி ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழிபாடு. யாருக்காவது உள்ளிருந்து உந்துதல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். எனக்கு உந்துதல் வராத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. கடைசியில் பெரியவர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து, "லின்ட்லி, உந்துதலைக் கொஞ்சம் உள்ளேயே வெச்சுக்கப் பாரேன்" என்று ரொம்ப அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் அப்பா எம்மர் எனக்கு நேர் எதிர். பால்பண்ணை வைத்திருந்தவர். பசுக்களிடம் பேசியதில் பாதிகூட எங்களிடம் பேசியதில்லை. பொருளுக்கு ஒரே விலைதான் இருக்க வேண்டும், ஏற்றி இறக்கிச் சொல்வது பொய் என்பது எங்கள் ஆட்களின் பழைய கொள்கை. அதை அப்பா விடாப்பிடியாகப் பிடித்திருந்தார். அப்படிப்பட்டவருக்குப் பிள்ளையாக ஏலக்காரனான நான் வந்து வாய்த்தேன். என் ஏலத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

"இந்த வாய் ஹார்க்கர் வழியில வந்ததில்ல. உங்கம்மா வழி" என்பார். அம்மா மெதடிஸ்ட். அவர்கள் கோயிலில் பாடகர் குழுவில் இருந்தவர். பாவம், அவரே இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், போய்ச் சேரும்வரை.

அப்பா பேசியவற்றிலேயே நீளமானது எங்கள் மூதாதை ஜோனஸைப் பற்றியது. யார்க்‌ஷயரிலிருந்து கப்பலேறி வந்த முதல் ஹார்க்கர் அவர்தான். நன்றி நாள் விருந்தில் வான்கோழியை வெட்டுவதற்கு முன்னால் அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "ஜோனஸ் எழுந்து நின்னாரு. ஒருத்தன்கூட தொப்பியக் கழட்டல." அவ்வளவுதான் கதை. மீதியை நாங்களே கட்டிக்கொண்டோம். அந்தக் காலத்து குவேக்கர்கள் ராஜா வந்தாலும் தொப்பியைக் கழற்றாதவர்கள், ஜட்ஜையும் 'நீ' என்றே கூப்பிட்டவர்கள். ஆகவே ஜோனஸ் நின்றது கோர்ட்டில். அவர் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரும் படை. சிறைவாசத்தைச் சேர்த்தது நான். சந்தையில் கதை சூடுபிடித்தபோது சிறைக்குள் எலிகளையும் விட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில் நர்சுகளைச் சுற்றி நிறுத்தி எலிக் கட்டத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அப்பா தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஜோனஸப் பத்தி நீ பேசாத. அவரு உன் ஆளு இல்ல."

நர்சுகள் கலைந்து போனார்கள். எனக்கு வலித்தது. அறுபது வயது தாண்டிய ஆளுக்கு இதெல்லாம் வலிக்கக் கூடாதுதான்; வலித்தது. அப்பாவுக்குத் தொண்ணூறு கடந்துவிட்டது. அவர் போவதற்குள் 'நீ எங்க ஆளுதான்' என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். அந்தக் கோர்ட்டையும் சிறையையும் கண்டுபிடித்து, ஜோனஸின் நெஞ்சுரம் எனக்குள்ளும் ஓடுகிறது என்று நிரூபிக்கக் கிளம்பினேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நடுவழியில் வேறு இடம் கேட்டு எழுந்து போனதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஜோனஸின் ஊரான ஹார்பெக்கில் ஆடுகள் இருந்தன, மழை இருந்தது, கோர்ட் இருந்த சுவடே இல்லை. குவேக்கர்கள் வழிபாட்டுக்குக் கூடும் கூட்ட வீடு மட்டும் அப்படியே நின்றது. சாவி மேவிஸ் ஹார்க்கர் என்ற அம்மாளிடம் இருந்தது. ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஹார்க்கர். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டத்துக்கு வெகு முன்னதாகவே போய் அவர் சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன். டீயும், பழக் கேக்கின் மேல் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் வைத்துக் கொடுத்தார். நான் ஒன்று சொன்னால் அவர் மூன்று சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக என் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைத்தார். அதுவும் என்னைவிட நன்றாக.

கூட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சைக் காட்டினார்.

"அங்க உக்காரு ராசா. அது ஜோனஸ் பெஞ்சு."

எத்தனை தலைமுறை தாண்டியும் அவர் பெயரில் ஒரு பெஞ்சு! சாய்வதற்குக்கூட மனம் வராமல் விறைப்பாக உட்கார்ந்தேன். மௌனம் தொடங்கியது. தாக்குப்பிடித்தேன். கொஞ்ச நேரம்தான். பிறகு உந்துதல் வந்துவிட்டது.

எழுந்து நின்று ஜோனஸின் கதையைச் சொன்னேன். கோர்ட், ஜட்ஜ், சிறை, எலிகள் எல்லாம். "ஒருத்தன்கூட தொப்பியைக் கழற்றவில்லை!" என்று நான் கையை உயர்த்தியபோது எதிர் பெஞ்சில் ரோலண்ட் என்ற மெலிந்த கிழவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆஹா, கலங்கிவிட்டார் என்று நினைத்து எலிகளை இன்னொரு சுற்று வரவழைத்தேன். மேவிஸ் தன் காலணிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கினார்கள். அதுவரை அடக்கியதெல்லாம் அந்த நொடியில் வெடித்தது. ரோலண்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்தக் கோர்ட்டுய்யா?" என்றார், மூச்சு வாங்கியபடி. "இங்கதான். இதே வீட்லதான்."

"புரியலையே."

மேவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதப் பாரு ராசா. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க கூட்டத்துலயும் தொப்பியோடதான் உக்காருவாங்க. யாராச்சும் எழுந்து வாய்விட்டு ஜெபம் பண்ணா மட்டும் எல்லாரும் கழட்டுவாங்க. அது கடவுளுக்கு மரியாத. கழட்டலன்னா என்ன அர்த்தம் தெரியுமா?"

"என்ன?"

"இது கடவுள் பேச்சு இல்ல, உன் பேச்சு, உக்காருன்னு அர்த்தம்."

அவர் சொல்லச் சொல்ல என் கோர்ட் இடிந்தது, சிறை இடிந்தது, எலிகள் ஓடிப்போயின. ஜோனஸ் வாராவாரம் எழுந்து ஜெபிப்பாராம். வெளியே ஆட்டில் பால் கறக்கிற நேரம் தாண்டியும் ஜெபிப்பாராம். பெரியவர்கள் அன்பாகச் சொல்லிப் பார்த்தார்களாம். கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்களாம். ஒருநாள் அவர் எழுந்ததும் ஒரு தொப்பிகூட அசையவில்லை. கோபித்துக்கொண்டு கப்பலேறிவிட்டாராம்.

"இன்னிக்கும் புள்ளைங்க ஓயாம பேசினா, 'போ, ஜோனஸ் பெஞ்சுல உக்காரு'ன்னுதான் இந்த ஊர்ல வைவோம்" என்றார் மேவிஸ்.

"அப்போ என்னை ஏன் அங்க உக்கார வெச்சீங்க?"

"டீ குடிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு ராசா."

ரோலண்ட் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எங்கிட்ட மட்டும் இன்னிக்கு ஒரு தொப்பி இருந்திருந்தா கழட்டியிருக்க மாட்டேன்."

வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றேன். முதலில் அவமானமாக இருந்தது. கடல் தாண்டி வந்து, முன்னோர் வாங்கிய அதே அடியை அதே பெஞ்சில் வாங்கியிருக்கிறேன். பிறகுதான் மெல்ல உறைத்தது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை உணவு நேரம்.

அப்பா போனை எடுத்தால் 'ஹலோ' சொல்ல மாட்டார். மூச்சுச் சத்தம் கேட்கும், நாமாகத் தொடங்க வேண்டும். தொடங்கினேன். கோர்ட் இல்லை என்றேன். சிறையும் இல்லை என்றேன். பெஞ்சைப் பற்றிச் சொன்னேன், தொப்பிகளைப் பற்றிச் சொன்னேன், நான் எழுந்து பேசியதையும் மறைக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. கதையை உடைத்து அவர் மனதையும் உடைத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"யாருமே கழட்டலையா?" என்றார் கடைசியில்.

"யாருமே கழட்டலப்பா."

விநோதமாக ஒரு சத்தம் வந்தது. அப்பா சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை. அதனால் அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது. சிரித்து ஓய்ந்து, மூக்கைச் சிந்தினார்.

"லின்ட்லி."

"சொல்லுங்கப்பா."

"இத்தன வருசமா உங்கம்மா மேல வீண்பழி போட்டுட்டேனே. நீ சுத்தமா எங்க ஆளுதான்டா." கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "சரி, இன்னும் ஏதாச்சும் பேசு. கேக்கறேன்."

எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி அந்த வாசலிலேயே நின்றேன். அவரும் வைக்கவில்லை.