ஞானமுத்து ஐயரும் மாற்குவின் கடைசி அதிகாரமும்

வட்டவளைத் தபால் கந்தோரைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன். தபால்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். "டீச்சரம்மா, நில்லுங்க. நுவரெலியாவுல இருந்து தந்தி வந்திருக்கு. நம்ம ஞானமுத்து ஐயர் காலமாயிட்டாராம்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஐம்பதுகூட ஆகாத மனுஷர். போன மாதம்தான் என் வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி டீச்சர்" என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார். அப்படிப்பட்டவர் ஒரு வார்த்தை சொல்லாமல் மாரடைப்பில் போய்விடுவதா?

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, மலையகத் தமிழரான எங்களுடைய வாக்குரிமை போயிருந்த சமயத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபைக்குப் போதகராக வந்தார். பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்தவர். கிரேக்க மொழியும் தெரியும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். அவருடைய டிரங்குப் பெட்டியை ஸ்டேஷனிலிருந்து மேலே தூக்கி வந்தவர்கள், "இதுல என்னங்க ஐயா, கருங்கல்லா?" என்று மூச்சு வாங்கினார்கள். "புஸ்தகங்க. பாதிக்குப் பாதி கருங்கல்லுதான், மெதுவா உடைச்சுக்கலாம்" என்றாராம். வந்த அன்றே ஆளைப் பிடித்துப் போய்விட்டது எங்களுக்கு.

எல்லோருக்கும் இல்லை. பெரிய கணக்கப்பிள்ளை சாலமோன் சபையின் மூப்பர். ஆதியாகமத்தில் சிருஷ்டிப்பின் கதை இரண்டு விதமாக இருக்கிறது, இரண்டு பேர் எழுதியிருக்கலாம் என்று ஐயர் ஒரு புதன்கிழமை சொன்னபோது, சாலமோன் இருமிய இருமல் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த வருஷம் ஹட்டனில் கூடாரம் அடித்துச் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. எனக்குச் சின்ன வயதிலேயே வலது கால் சூம்பிப்போனது. அப்பா என்னை மேடைக்கு ஏற்றினார். வெளியூர்ப் பிரசங்கியார் தலையில் கை வைத்து ஜெபித்து, ஊன்றுகோலைப் பிடுங்கி எறிந்து, "நட!" என்றார். நடந்தேன். விழுந்தேன். அவர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்: "இந்தச் சகோதரியிடம் விசுவாசம் இல்லை."

அடுத்த ஞாயிறு சாலமோன் எழுந்தார். "விசுவாசம் இல்லாதவங்க கையில நம்ம பிள்ளைங்கள விடலாமாங்க?" என்று கேட்டார். என் ஞாயிறு பாடசாலை வகுப்பு போயிற்று. அந்த வகுப்பு எனக்கு உயிர். அதைவிடக் கொடுமை, அவர்கள் சொன்னதை நானே நம்பினேன். கால் இப்படி இருப்பது என் குற்றம்தான் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

ஐயர் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வந்த முகம் இல்லை, சண்டைக்கு வந்த முகம். "டீச்சர், விசுவாசிங்க கைய வெச்சா வியாதிக்காரங்க சுகமாவாங்கன்னு எங்க இருக்கு?"

"மாற்கு, கடைசி அதிகாரம்."

"அந்தக் கடைசிப் பகுதி ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல. பின்னால யாரோ சேர்த்திருக்காங்க. படிச்சவங்க முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியும். மாற்கு எழுதினது எங்க நிக்குது தெரியுமா? கல்லறைக்குப் போன பொம்பளைங்க பயந்து, நடுங்கி, ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம ஓடிப் போறாங்க. அதோட சரி."

"பயந்தவங்களோடயா முடியுது?"

"ஆமா. உங்கள மாதிரி."

அன்று நான் அழுத அழுகை! அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, ஐயர் என்னைத் திட்டிவிட்டார் என்று நினைத்து அவரைத் திட்டினாள்.

அடுத்த ஞாயிறு இதையே பிரசங்க மேடையில் சொன்னார். சாலமோன் நடுவிலேயே எழுந்துவிட்டார். "வேதத்தைக் கிழிக்கச் சொல்றீங்களா ஐயா?"

"கிழிக்க வேணாங்க. அதால ஒரு பொம்பளைய அடிக்க வேணாம்னு சொல்றேன். பாம்பைப் பிடிப்பாங்கன்னும் அதே இடத்துலதான் இருக்கு. நாம அட்டையக் கண்டாலே குதிக்கிறோம். அப்ப நம்ம விசுவாசம் எந்தக் கணக்குல சேருது?"

பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது. பிறகு ஆண்கள் பக்கமும். சாலமோன் சிரிக்கவில்லை, கொழும்பிலுள்ள சபைத் தலைமைக்கு எழுதிப் போட்டார். அங்கிருந்து ஒரு பெரிய ஐயர் விசாரிக்க வந்தார். எங்கள் ஐயர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டு, "நானும் இதைப் படிச்சவன்தான். சொல்லத்தான் தைரியம் வரல" என்று ரயிலேறிப் போனார். எனக்கு வகுப்பு திரும்பக் கிடைத்தது.

இவ்வளவு படித்தவருக்கு ஜெபம் எங்கே வரப்போகிறது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மழை கொட்டிய ஒரு பிற்பகலில் ஐயர் நனைந்துகொண்டே என் வாசலில் வந்து நின்றார். அவருடைய சின்ன மகளுக்குக் கடும் காய்ச்சல். டொக்டர் மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. "டீச்சர், வந்து பிள்ளை மேல கைய வெச்சு ஜெபிங்க."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்த வசனத்தத்தான் தள்ளி வெச்சுட்டீங்களே ஐயா?"

"வசனத்தத்தானே தள்ளி வெச்சேன். கர்த்தரையா?"

"விசுவாசம் இல்லாதவன்னு பேர் எடுத்தவ நான்."

"எனக்கும் பயமா இருக்கு. பயந்தவங்க ரெண்டு பேரா இருந்தா நல்லதுன்னு வந்தேன்."

போனேன். இரண்டு பேருமாகக் குழந்தையின் நெற்றியில் கை வைத்தோம். அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. கிரேக்கம் படித்தவர் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு தகப்பன் குரல்தான். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மருந்தாலா, ஜெபத்தாலா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் நன்றி சொல்லுங்க டீச்சர், ஆராய்ச்சிய நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார். பிறகு நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போன பின்னும், இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை.

அடக்கத்துக்குப் போய் வந்தேன். மனம் நிறைவாகத்தான் இருக்கிறது. நல்ல மனுஷர் ஒருவரோடு இத்தனை வருஷம் சண்டை பிடித்துச் சிரித்திருக்கிறேன், இன்னும் என்ன வேண்டும்? அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்னவென்று கேட்டால், இதுதான். ஒவ்வொரு வருஷமும் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் ஒன்று கட்டாயம் கேட்கும். போன ஞாயிறும் கேட்டது: "டீச்சர், ஒங்க காலு ஏன் இப்படி?" முன்பெல்லாம் அந்தக் கேள்விக்கு, என் குற்றம்தான் என்று தலை குனிந்துவிடும்.

"சின்னதுல காய்ச்சல் வந்துச்சு கண்ணு, அதுல சூம்பிப் போச்சு" என்றேன். "வேதத்த எடு, பாடத்தப் பார்ப்போம்."