கயிற்றின் முனை

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சொல்கிறேன். அவனை விட்டால் முழுக்கதை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பதினெட்டு வருஷமாக நான் வேலை பார்க்கும் துறைமுகக் கிடங்கில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். ஆறே மாதத்தில் மேலாளரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். மாமியார் வீட்டிலும் எந்நேரமும் சின்ன மாப்பிள்ளை புராணம். நான் போனால் டம்ளரில் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

கரை ஒதுங்கும் சரக்குக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது எங்கள் வேலை. கப்பல் உடைந்து தானாக மிதந்து வந்தால் ஃப்ளாட்சம். கப்பல் மூழ்காமல் இருக்க, பாரம் குறைக்க ஆட்களே கடலில் தூக்கிப் போட்டிருந்தால் ஜெட்சம். ஊறிப்போன பிறகு இரண்டும் பார்க்க ஒன்றுதான். கப்பலில் சரக்கைக் கட்டியிருந்த கயிற்றின் முனையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். பிய்ந்திருந்தால் முதலாவது, கத்தியால் வெட்டியிருந்தால் இரண்டாவது.

சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். புதிதாக ஒதுங்கிய மூட்டைகளை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்து, யார் சரியாக எழுதுகிறார் என்று பார்ப்பதாக மேலாளர் சொன்னார். அவன் சீட்டு ஒவ்வொன்றும் கச்சிதம். எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், அவன் ஃப்ளாட்சம் என்று எழுதிய மூட்டை ஒன்றின் பிய்ந்த முனையைப் பேனாக்கத்தியால் நறுக்கிவிட்டேன்.

மேலாளர் அந்த முனையைப் புரட்டிப் பார்த்தார். வெட்டிய இடம் கடல் அழுக்கு ஏறாமல் வெள்ளையாக இருந்தது.

"இது கடல்ல வெட்டினதில்ல. இங்க வெட்டினது. யார் வேலை?"

சகலை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார். நூல் நூலா தொங்குச்சு. சீட்டு கட்ட வசதியா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்."

கயிற்று முனையில் கை வைத்தவனுக்குப் பதவி கிடையாது. என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் அவன் என் கத்தியை நீட்டினான்.

"மூட்டை மேலயே மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்கண்ணே. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

இப்போது மாமியார் வீட்டில் எனக்குத்தான் முதல் காபி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். இந்தப் பதவி எனக்குத் தானாக மிதந்து வந்ததில்லை. குடும்பம் கவிழாமல் இருக்க அவன் தூக்கிப் போட்டது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். அது தெரிந்த நாளிலிருந்து அவன்மேல் பொறாமை இன்னும் கூடியிருக்கிறது.