வாசலில் விட்ட ஷூவும் எதிர்வீட்டு அம்மாளும்

போன மார்ச்சில், மகளின் பள்ளி விடுமுறைக்கு நியூ ஜெர்சியிலிருந்து அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸுக்குப் போயிருந்தோம். நான்காவது மாடியில் வாடகைக்கு ஒரு ஃபிளாட். மூன்று பேருக்கும் ஒரே சாவி.

ஊர் திரும்பும் நாள் காலை, கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு மகளுடன் நடக்கப் போயிருந்தார். வீட்டில் தயிர் தீர்ந்திருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் தயிர்சாதம் இல்லாமல் எனக்கு ஓடாது. கதவைப் பூட்டி, வாசலில் கிடந்த கணவரின் பழைய ஷூவுக்குள் சாவியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே வீட்டிலும் எங்கள் வழக்கம் அதுதான்.

திரும்பி வந்தால் ஷூவைக் காணோம். மாடி மாறிவிட்டேனோ? அமெரிக்காவில் தரைத்தளமே முதல் மாடி, அங்கே அப்படி இல்லை. அந்தக் குழப்பத்தில் இறங்கி, ஏறி, யார் வீட்டுக் கதவையோ தள்ளிக்கூடப் பார்த்தேன். அதற்குள் கணவரும் மகளும் வந்துவிட்டார்கள்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்றார் கணவர்.

பாஸ்போர்ட், கிரீன் கார்டு எல்லாம் உள்ளே. சாயங்காலம் ஃபிளைட். கதவைப் பிடித்து உலுக்கினேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். முதல் நாளே எங்கள் ஷூவை ஒரு மாதிரி பார்த்தவர். "இந்தம்மாதான் திருடியிருக்கும்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். தமிழ் தெரியாது என்ற தைரியம்.

மகள் பள்ளியில் படித்த அரைகுறை ஸ்பானிஷில் விசாரித்தாள். அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே கிடந்ததால் வேண்டாமென்று கழித்துவிட்டோம் என நினைத்து, தெருவில் பழைய சாமான் சேகரிக்கும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டாராம்.

சொல்லி முடிப்பதற்குள் ஏப்ரனோடு படியிறங்கி ஓடினார். தயிர் டப்பாவும் கையுமாகப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கணவரும் மகளும். இரண்டு தெரு தள்ளி அந்த வண்டி நின்றது. ஷூ வண்டிக்காரர் காலில் இருந்தது. சாவியை, தேடி வருகிறவர் கண்ணில் படட்டும் என்று வண்டியின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டிருந்தார். ஷூவைக் கழற்றப் போனவரைக் கணவர் தடுத்தார்.

"அவரையே போட்டுக்கச் சொல்லும்மா" என்றார் மகளிடம். நியூ ஜெர்சிக் குளிரில் கணவர் செருப்போடுதான் வந்து இறங்கினார்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். திருடி என்று நான் சொன்னதைக் கேட்டிருந்த என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டுவிட்டாரே என்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.