சாராயக்கடை ஓரத்துத் தியாகித் தூண்

"இன்னாடா, சாஞ்சிக்கிற எடமா அது? ஏந்திரு!" என்று அதட்டிக்கொண்டே காசம்மாள் முட்டையை உரிக்கிறாள். தூணில் முதுகைச் சாய்த்திருந்தவன் முனகியபடி நகர்ந்து உட்காருகிறான். அவனுக்கே அந்த முட்டையைப் பிளந்து, மிளகுப்பொடி தூவி நீட்டுகிறாள். கோபம் வேறு, வியாபாரம் வேறு.

பாகூருக்குத் தெற்கே, ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரிச் சாராயக்கடை. இரண்டுக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு கல்தூண். புதுச்சேரி விடுதலைப் போராட்டத்தின்போது, இங்கிருந்த சுங்கச்சாவடியில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்டவர் அய்யாக்கண்ணு என்று அதில் வெட்டியிருக்கிறது. அவர் காசம்மாளின் அப்பா. அப்போது அவள் தாய் வயிற்றில் இருந்தாள். "பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா சுட்டான். உசுரு போயும் எங்கப்பன் கொடிய வுடல" என்பாள், நேரில் பார்த்தவளைப் போல. ஆகஸ்டில் ஒருநாள் அதிகாரிகள் வந்து மாலை போடுவார்கள். அதை மறுநாளே ஆடு தின்றுவிடும்.

அப்பன் செத்த இடத்திலேயே குடிகாரர்களுக்கு முட்டை விற்கிறோமே என்று அவளுக்கு உறுத்தாமல் இல்லை. வேறு இடத்தில் உட்கார்ந்தால் யார் வாங்குவார்கள்?

குடித்தவர்கள் தூணின்மேல் மூத்திரம் பெய்வதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கத்திப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தாள். கடைசியில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். அன்றோடு மூத்திரம் நின்றது, வேறொன்று தொடங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதை முனீஸ்வரன் என்று எடுத்துக்கொண்டார்கள். முனிக்குக் கொடுக்காமல் குடிக்கலாமா? கிளாஸில் ஊற்றியதும் முதல் சொட்டு தூணின் காலடிக்குப் போனது.

"அவரு கள்ளுகூட தொட்டதில்லடா, பாவிங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாமி குடிச்சா தப்பில்ல ஆயா" என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாளாக ஆக அவளுக்கே அது சாமியாகிவிட்டது. டெம்போ ஓட்டும் மகன் ஜெயசீலன் ரத்தவாந்தி எடுத்து, "இனிமே தொட்டா ஈரல் தாங்காது" என்று டாக்டர் சொன்னபோது, அவள் வேறெந்தக் கோயிலையும் தேடவில்லை. அவனை இங்கேதான் இழுத்து வந்தாள். கற்பூரம் ஏற்றி, "தாத்தா மேல சத்தியம் பண்ணுடா" என்றாள். அவனும் தூணில் அடித்துச் சத்தியம் செய்தான்.

தை மாதம் முழுக்கத் தொடவில்லை. மாசியிலும் தொடவில்லை. வீட்டில் சோறு கேட்டு வாங்கித் தின்றான். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. "எங்கப்பன் புள்ளய திருப்பிக் குடுத்துட்டாரு" என்று முட்டை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பாவம், அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், கடைக்குள்ளிருந்து ஜெயசீலன் கிளாஸும் கையுமாக வெளியே வந்தான். அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. நேரே தூணிடம் போனான்.

"கோச்சிக்காத தாத்தா" என்று குனிந்து, எல்லாரையும் போல முதல் சொட்டை அதன் காலடியில் ஊற்றினான்.

காசம்மாள் மெல்ல எழுந்து போய், கல்லில் வெட்டியிருந்த அப்பனின் பெயரை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.