கல்லறைக் கல்லில் வடிந்த செம்பழுப்பு

"2-11-1971, செவ்வாய். கல்லறைத் திருநாள். விடியலில் மழை விட்டிருந்தது. கல்லில் பெயருக்குக் கீழே மூன்று செம்பழுப்புக் கோடுகள். நீளமானது ஒரு சாண்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அந்தக் கல்லைப் பரிந்துரைத்தவன் நான் என்பதை அன்று எழுதவில்லை.

அப்போது மயிலாப்பூரில், கடலுக்குப் பத்து நிமிட நடையில் குடியிருந்தோம். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளின் கணவர் 1970 கோடையில் கட்டுமரம் கவிழ்ந்து இறந்தார். கூடப் போன தம்பி நீந்திக் கரைசேர்ந்தார். மறுநாள் ஒதுங்கிய உடலில், நெற்றியில் ஆழமான காயம் இருந்தது. அலை புரட்டியபோது கட்டை மோதியது என்றார் தம்பி. அதற்கு முந்தின வாரம் சகோதரர்கள் கைகலந்ததைக் குப்பமே பார்த்திருந்தது. ஆனாலும் அந்த அம்மாள் கொழுந்தன் சொன்னதை நம்பினார். அவர் பிடித்த மீனையே கூடையில் எடுத்து வந்தார்.

மறு வருடம் கல் வைக்க நினைத்தபோது என்னைக் கூப்பிட்டார். "நீதான் தேதி கீதி எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிக்கினு இருப்பியே சார்."

சைதாப்பேட்டையில் ஒரு கல்தச்சரின் பட்டறைக்குப் போனோம். பல்லாவரம் பக்கத்து நீலச்சாம்பல் கல், இரண்டு பலகைகள். ஒன்று வெறுமையாக இருந்தது. மற்றொன்றில் கடுகளவுக்குப் பித்தளை நிறப் பொட்டுகள் மின்னின.

"அது வாணாம்மா," என்றார் தச்சர். "பொட்டு கீற கல்லு. தண்ணி பட்டா அழுவும்."

அந்தப் பொட்டை எனக்குத் தெரியும். பைரைட்: இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பார்வைக்குத் தங்கம், மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் விழுவதோ பச்சை கலந்த கறுப்புக் கோடு. கனிமவியல் நூல் ஒன்றில் படித்திருந்தேன். பேனாக்கத்தியை எடுத்து ஒரு பொட்டைக் கீறிக் காட்டினேன். தடம் விழவில்லை.

"கத்தியே ஏறல பாருங்க. நூறு வருஷம் நிக்கும்."

"புக்குல போட்டுக்கீதா நைனா? அப்ப சரி," என்றார் தச்சர். "புக்கு மழைல நிக்கப்போறது இல்ல."

அம்மாள் சிரித்துவிட்டார். பொட்டு வைத்த பலகையைத் தடவிப் பார்த்தார். "அந்தாளு உசுரோட இருக்கசொல்லோ ஒண்ணும் மின்னல. இதுனா மின்னட்டும்."

நான் படித்தது அரைகுறை. பைரைட் நிலக்கரியில் கிடைக்கும், சிலேட்டுப் பாறையில் கிடைக்கும், கோலாரில் தங்கம் ஓடும் வெள்ளைக்கல்லிலும் கிடைக்கும். பல்லாவரம் கல்லில் அங்கங்கே தூவியது போல் இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் அது சிதையும். கந்தகம் அமிலமாகும், இரும்பு துருவாகி வழியும். கத்திக்கு இடங்கொடாத கடினம் உப்புக்காற்றுக்கும் மழைக்கும் இடங்கொடுத்துவிடும். இதையெல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன்.

கல்லறைத் திருநாளன்று தோட்டம் முழுக்கச் சனம். அம்மாள் தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போகவில்லை. பக்கத்துக் கல்லறையில் சாமந்தி வைத்துக்கொண்டிருந்த கிழவி எட்டிப் பார்த்தாள்.

"ரத்தம்டி இது. பேருக்கு நேரா எறங்குது பாரு."

"கல்லே சாட்சி சொல்லுது," என்றாள் அவளுடன் வந்தவள். "இவன் இன்னாடான்னா மெழுகுவத்தியத் தூக்கிக்கினு வந்துட்டான்."

கொழுந்தன் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். "அண்ணி," என்றார். அம்மாள் திரும்பவில்லை. அவர் மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றிவிட்டுப் போனார். நான் குடையோடு நின்றேன். கறையின் காரணம் எனக்கு அப்போதே பாதி புரிந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் என் தவறைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வாசலில் கூடையை இறக்கும்போது அம்மாள் சொன்னார்: "அவன் புடிச்ச மீனு இனி என் கூடைல ஏறாது சார்." குப்பத்தில் யாரும் கொழுந்தனோடு கடலுக்குப் போவதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

அன்று மாலையே சைதாப்பேட்டைக்குப் போனேன். "இன்னா நைனா, அழுதுச்சா?" என்றார் தச்சர். அதே பலகையில் வெட்டியெடுத்த துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. கேட்டதும் கொடுத்தார். அதிலிருந்த ஒரு பொட்டைப் பீங்கான் ஓட்டில் தேய்த்தேன்; பச்சை கலந்த கறுப்புக் கோடு விழுந்தது. அந்தத் துண்டை அம்மாளின் வீட்டுக்குக் கொண்டுபோய், தச்சர் எச்சரித்ததையும் நான் மறுத்துப் பேசியதையும் நினைவூட்டினேன். தினமும் அதன்மேல் கடல்தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொரு பொட்டிலிருந்தும் பழுப்பு இறங்கியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இதுல அவரு பேரு இல்ல."

"இல்லம்மா."

"இதுவும் வடியுது." விரலை முந்தானையில் துடைத்தார். பிறகு, "அன்னிக்கே எல்லாரும் கேக்க சொல்றதுக்கு இன்னா சார்? வாய்ல கொழுக்கட்டையா? இப்ப வந்து சொல்லு."

கல்லை மீன்கூடையில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டார். கரையில் கட்டுமரங்களுக்கு நடுவே அதை இறக்கிவைத்து என்னைப் பேசச் சொன்னார். சொன்னேன். "கல்லு துரு புடிக்குமா? ஆபீசரு நல்லா கதை வுடுறாரு," என்று ஒரு பெண் சிரித்தாள். ஆனால் குனிந்து பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

கொழுந்தன் தள்ளி உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

"டேய், நாளைக்கு மீனு எனக்கு எடுத்து வையி," என்றார் அம்மாள்.

"இன்னிக்கே கீது அண்ணி."

திரும்பி நடக்கையில் அம்மாள் கேட்டார்: "கல்லுக்கு பதில் சொல்லிட்டே சார். காயத்துக்கு?"

வேறு கல் வைத்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். 1978-இல் நாங்கள் கே.கே. நகருக்கு வீடு மாறும்வரை ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போய்ப் பார்த்தேன். கறை அகலமாகிக்கொண்டே இருந்தது.

அந்தப் பொட்டுகள் பைரைட்தான் என்று கத்தி ஏறாததையும் ஓட்டில் விழுந்த கறுப்புக் கோட்டையும் கொண்டு சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் யாரும் சோதிக்கவில்லை. வடிந்தது துரு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நெற்றிக் காயம் கட்டை மோதியதால் உண்டானதா என்பது உறுதிசெய்யப்படவில்லை. கட்டுமரம் கவிழ்ந்ததைக் கண்டவர் தம்பி ஒருவரே. அவர் சொன்னதை, அவர் சொன்னதாகவே இங்கே பதிகிறேன்.