மேஸ்திரி இடத்துக்கு வந்த சேவல்

யார் வீட்டு கேட் தொங்கினாலும் அந்தத் தெருவில் வெல்டரைத்தான் கூப்பிடுவார்கள். மனுஷன் தட்டாமல் போய் ஒட்டிக் கொடுத்துவிட்டு வருவார். தன் வீட்டுக் கொல்லைப்புற கேட்டில் ஒரு கம்பி விட்டுப்போனதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அந்த நாளை வருவதற்குள் தெருநாய் வந்துவிட்டது. கோழிகளெல்லாம் மதில்மேல் ஏறித் தப்பித்தன. சேவல் ஏறவில்லை. நாயை எதிர்த்து நின்றிருக்கிறது, மக்கு. விடிந்து பார்த்தபோது சிவப்பு இறகுகள்தான் மிச்சம்.

அந்தச் சேவலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவள் வெல்டரின் மனைவி. எந்தக் கோழி எங்கே கிளறினாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே போய் வேலை நடக்கிறதா என்று பார்க்கும். குஞ்சாக இருந்தபோது அவள் உள்ளங்கையில் தீனி வைத்து வளர்த்தது. அதற்கப்புறம்தான் அவள் வேறொரு நாட்டில், வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். போனால்தான் குடும்பம் நிமிரும் என்ற நிலைமை, போனாள். அதைத் தோண்டித் துருவி இப்போது என்ன ஆகப்போகிறது? மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நடுவில் நடந்ததெல்லாம் போனில்தான்.

பிள்ளையை வளர்த்தது பக்கத்து வீட்டில் இருக்கும் வெல்டரின் அக்கா. பிள்ளைக்கு அத்தை மடிதான் மடி. அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் "போன் அம்மாவா?" என்று கேட்பாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். போனுக்குள் இருப்பவள்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் ஏதோ வேலை இருக்கிறது என்று சட்டென்று வைத்துவிடுவாள்.

அவள் வேலை பார்ப்பது உயரமான கட்டடம், எந்நேரமும் ஜன்னல் மூடியே இருக்கும். ஒரு காக்கா சத்தம்கூடக் கேட்காது என்பாள். அதனால் தினமும் இங்கே விடிகிற நேரத்துக்குக் கூப்பிட்டு, போனைக் கொல்லைக்குக் கொண்டுபோகச் சொல்வாள். அங்கே சிக்னல் சரியாக எடுக்காது, படம் வராது, குரல் மட்டும்தான். மேஸ்திரி தண்ணீர் டிரம்மில் ஏறிக் கூவும். கடைசிச் சுரத்தை மட்டும் யாரோ வாயைப் பொத்தின மாதிரி விழுங்கிவிடும். அதைக் கேட்டுவிட்டு அவள், "போதுங்க, இன்னைக்குப் பொழுது ஓடிடும்," என்பாள்.

இப்போது மேஸ்திரி இல்லை. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? உன் கையால் வளர்த்ததை என் சோம்பேறித்தனம் தின்றுவிட்டது என்றா? முதல் நாள், மழை என்று சொன்னார். அடுத்த நாள் மேஸ்திரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். சேவலுக்குத் தொண்டை கட்டும் என்று உலகத்திலேயே முதலில் சொன்னவர் இவராகத்தான் இருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே அலைந்து திரிந்து, அதே சிவப்பில் ஒரு இளஞ்சேவலைப் பிடித்து, ஓட்டை போட்ட சிமெண்ட் பையில் தலை மட்டும் வெளியே தெரிய வண்டியில் கொண்டுவந்தார். வந்த வேகத்தில் பையை அவிழ்த்துக் கோழிகளுக்கு நடுவில் விட்டார். காரியம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

எங்கே முடிந்தது? கூட்டத்துக்குத் தலைவி கருப்பி என்ற கிழட்டுக் கோழி. அவள் ஒரு பார்வை பார்த்தாள், ஓடி வந்து கொண்டையிலேயே ஒரு கொத்து போட்டாள். மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. ரத்தம் ஒழுக டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கிய சேவல் கூவவுமில்லை, தின்னவுமில்லை. வெளியே எடுக்கக் கை நீட்டிய வெல்டரையும் கொத்தியது.

அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏண்டா, முன்னப்பின்ன தெரியாதவனைக் கொண்டாந்து நடுவீட்டுல தள்ளினா யாருடா சேத்துப்பா? கண்ணுக்குப் பழகட்டும் முதல்ல," என்றாள்.

ஒட்டுவதற்கென்றால் வெல்டருக்குக் கை சும்மா இருக்காது. முதலில் கேட்டின் ஓட்டையை அடைத்தார். வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டுதான் அடைத்தார். பிறகு மிச்சக் கம்பியில் சட்டம் ஒட்டி, வலை இழுத்துக் கட்டி, கொல்லையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் கோழிகள். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் அதற்கு நேர் எதிரே ஒரு தட்டு. தீனி போடுவது மகளின் வேலை. எதிரும் புதிருமாக நின்று தின்னட்டும், ஒன்றாகச் சாப்பிட்டால்தான் சொந்தமாகும் என்று அத்தை அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

கருப்பி லேசில் மசியவில்லை. தட்டை விட்டுவிட்டு வலையைக் கொத்தினாள். போனில் மனைவி கேட்கும்போதெல்லாம் இவர் புதுப்புதுச் சாக்கு தேட வேண்டியிருந்தது. அதற்குள் அவளும் மேஸ்திரியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அதுதான் இவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆசைப்பட்டு அவள் கேட்டதே அந்த ஒரு சத்தம்தான், அதையும் கொடுக்கத் துப்பில்லையே என்று புழுங்கினார்.

பிறகு ஒரு நாள் கருப்பி வலையைக் கொத்தாமல் தின்றாள். இன்னொரு நாள் வலை ஓரமாகவே படுத்துக் கண்ணை மூடினாள். அக்கா தலையாட்டினாள். மறுநாள் விடிந்ததும் வெல்டர் சட்டத்தைத் திறந்துவிட்டார். புதுசு மெதுவாக வெளியே வந்தது. மண்ணைக் கிளறி ஒரு புழுவைக் கண்டது, தின்னாமல் கொக்கொக் என்று கூப்பிட்டது. கருப்பி பிகு பண்ணிக்கொண்டே வந்து கொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், அது டிரம்மில் ஏறிக் கழுத்தை நீட்டிக் கூவியது.

சொல்லிவைத்த மாதிரி போன் அடித்தது. வெல்டர் தலைகால் புரியாமல் எடுத்து நீட்டினார். புதுசு மறுபடியும் கூவியது. "கேட்டியா? நம்ம மேஸ்திரி. தொண்டை சரியாயிடுச்சு."



"இது யாருங்க?" என்றாள். "மேஸ்திரி கடைசியில முழுங்கிடுவான். இவன் முழுசாக் கூவுறான்."

வெல்டரின் குட்டு உடைந்தது. நாய், கேட், ஓட்டை, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ, கோழிகள் இவனைச் சேர்த்துக்கொண்டனவா என்று கேட்டாள். அப்பாடா என்று இவர் வலை கட்டிய கதையை ஆரம்பித்தார். கண்ணுக்குப் பழகவிட்டது, எதிரெதிரே தட்டு வைத்தது, அவசரப்படாமல் இருந்தது என்று தன் கெட்டிக்காரத்தனத்தை விரித்துக்கொண்டே போனார்.

"ஏங்க," என்றாள் அவள் நடுவில். "எனக்கு லீவு குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வரேன். சொல்லணும்னு பார்த்தேன், வாய் வரலை."

வெல்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வந்து இறங்கின உடனே பாப்பாவைத் தூக்கி என் கையில குடுக்காதீங்க. அழுவா. என்னால அதைத் தாங்க முடியாது. அவ அத்தைகிட்டயே தூங்கட்டும், நான் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிறேன். என்னையும் கொஞ்ச நாள் வலைக்கு அந்தப் பக்கமே வைங்க. அவளா வரட்டும்."

தினம் தினம் சேவல் சத்தம் கேட்டவள் உண்மையில் எதைக் கேட்டாள் என்பது அப்போதுதான் வெல்டருக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் மகள் படுத்திருக்கும் பக்கம் ஒரு நாளும் நீட்டாமல் தான் கொல்லைக்கே போனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நினைத்து அவருக்கு அழுகை வந்தது.

தீனிக் கிண்ணத்தோடு மகள் வந்து நின்றாள். "போன்ல யாருப்பா?"

"அம்மா. இங்க வரப்போறாங்க."

"போன் அம்மாவா? நம்ம வீட்டுக்கா?"

வெல்டர் தலையாட்டினார். அவள் திறந்து கிடந்த சட்டத்தைப் பார்த்தாள், கருப்பியையும் புதுசையும் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப அவங்க தட்டை என் தட்டுக்கு எதிர்ல நான்தான் வைப்பேன்," என்றாள். "அவங்க பயப்படாம சாப்பிடட்டும்."

வெல்டர் போனை அணைக்க மறந்திருந்தார். அதற்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.