கழுதைக்கு அப்புறம்தான் எனக்கு

நாட்டின் பொருளாதாரம் பருவமழையை நம்பியிருக்கிறது என்று ரேடியோவில் யாராவது கனத்த குரலில் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நாடு கிடக்கட்டும், அறுபதுகளில் என் கல்யாணமே அதை நம்பித்தான் கிடந்தது.

அப்போது நான் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் சலவைப்பட்டறைக்கு சூபர்வைசர். வெளுத்த துணியை வெட்டவெளிக் காட்டில் விரித்துக் காயப்போட்டு, மேகம் கறுத்தால் ஆட்களைக் கூவி அள்ள வேண்டும், அதுதான் உத்தியோகம். பெண் நிச்சயமானதோ மடத்துக்குளத்தில். மாமனார் விவசாயி. "மழை பேஞ்சாத்தானுங்க வெள்ளாமை. வெள்ளாமை ஊடு வந்தாத்தானுங்க கல்யாணம்" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டார். அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

பகலெல்லாம் மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்ப்பேன். வேலை முடிந்ததும், வந்து தொலையக் கூடாதா என்று அதே வானத்தைப் பார்ப்பேன். வருண பகவானே குழம்பியிருப்பார். அந்த வருஷம் மழை ஒரேயடியாக நின்றுபோனது.

முதலில் முதலாளிக்கு ஏக குஷி. "துணி அப்பளமாட்டக் காயுது பாரு" என்று மீசையைத் தடவினார். ஆனால் வெள்ளாமை இல்லாத குடியானவன் புதுப் பனியனா வாங்குவான்? கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டான். வெளியூர்க் கடைகளுக்குப் போன மூட்டைகள் போன ஜோரிலேயே திரும்பி வந்தன. பிறகு நீலகிரி அணைகளில் தண்ணீர் வற்றி, கரண்ட்டும் வெட்டு. மிஷின்கள் நின்றன. மேகத்தைக் கண்டாலே வைதுகொண்டிருந்த மனுஷன் ஒரே நாளில் கட்சி மாறி, கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்று பந்தலே போட்டுவிட்டார்.

மாப்பிள்ளைக் கழுதைக்கு விற்காத பனியன் ஒன்றை மாட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நான். எனக்கு வயிறு எரிந்தது. நிச்சயமானவன் காத்துக்கிடக்க, நேற்றுப் பிடித்து வந்த கழுதைக்கு மேளதாளம்! மணமக்கள் மாலையை மாற்றிக்கொள்ளவில்லை, தின்றுவிட்டார்கள்.

அன்றைக்கே கொட்டியது மழை. ஆட்களெல்லாம் பந்தலில் நிற்க, காட்டில் கிடந்த கொஞ்சநஞ்சத் துணியும் முழுக்கச் சேறானது. முதலாளி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நனைந்துகொண்டு நின்றார்.

மழை தொடர்ந்தது. அணை நிறைந்தது, கரண்ட் வந்தது, கடைக்காரர்கள் சரக்கு கேட்டுத் தந்தி அடித்தார்கள். நான் லீவு கேட்டேன்.

"இப்ப எங்கப்பா லீவு? கல்யாணத்த அடுத்த பஞ்சத்துல வெச்சுக்கலாம்" என்றார் முதலாளி.

மாமனாரிடம் ஓடினேன். "இப்பத்தானுங்க மாப்பிள்ளை, ஈரம் பட்டிருக்குது. வெதைக்கோணுமுங்க" என்றார் அவர். மழை இல்லாவிட்டால் காசில்லை, பெய்தால் நேரமில்லை. இந்த நாட்டில் மனிதன் எப்போதுதான் தாலி கட்டுவது என்று எனக்கு அழுகையே வந்தது.

ஒரு வழியாகச் சோளம் வீடு வந்து, மாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். மாசியில் மழை வராது என்பது முதலாளியின் கணக்கு. அதனால்தான் லீவும் கொடுத்தார். தாலி கட்டி முடித்தேன். பெண்ணின் சேலைத் தலைப்பையும் என் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். பந்தல்மேல் சடசடவென்று தூறல்.

எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். முதலாளி மட்டும் "ஐயோ, துணி!" என்று பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து காரை நோக்கி ஓடினார். மண்ணரை எங்கே, மடத்துக்குளம் எங்கே! அதெல்லாம் யோசிக்கத் தோன்றாமல் நானும் பழக்கதோஷத்தில் மாலையோடு பாய்ந்தேன். முடிச்சு சுண்டி இழுத்தது.

திரும்பினேன். துண்டின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள் அவள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"துணி நனைஞ்சா மறுக்காக் காயுமுங்க. நானு இந்த மழைக்குத்தானுங்க இத்தன நாளாக் காத்துக்கெடந்தேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.